மண்ணடியில் வாங்கிய ஒரு கிலோ பிஸ்மத்: ஆறு மாதம் கழித்து

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடை மேஜையில் அந்த பிஸ்மத் உலோகக் கட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். நான் வாங்கியபோது ஒரு கிலோ 4,200 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சுத்தம் 99.99 சதவீதம் என்று கட்டியின் முதுகிலேயே அச்சு குத்தியிருக்கிறது. வாங்கியது சென்னை மண்ணடியில், உலோகக் கட்டியும் தகடும் விற்கும் ஒரு குறுகலான கடையில். செங்கல்லில் பாதி நீளம்கூட இல்லாத கட்டி, ஆனால் கையில் எடுத்தால் தோள் வரை கனம் தெரிகிறது. வெள்ளியில் லேசாக ரோஜா நிறம் கலந்தது போல ஒரு பளபளப்பு இருக்கும், அது போட்டோவில் சரியாக வரவே வராது.

நான் தண்டையார்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிஸ்மத் என்ற பெயர் காதில் விழுவதற்கு முன்பே அது பல வருடம் என் கையில் புழங்கியிருக்கிறது. நம் தொழிலில் "138 பேஸ்ட்" என்று ஒரு டப்பா இருக்குமே, 138 டிகிரியில், அதாவது குறைந்த சூட்டிலேயே உருகுகிற சால்டர் பேஸ்ட் (பாகங்களை போர்டில் பற்றவைக்கும் பசை), அதில் நூற்றுக்கு 58 பங்கு பிஸ்மத், 42 பங்கு வெள்ளீயம். இரண்டு அடுக்கு போர்டு உள்ள போன்களை மறுபடி ஒட்டும்போது உள்ளே இருக்கும் ஐசி எதுவும் அசையாமல் இருக்க அதைத்தான் போடுகிறோம். தினமும் தொடுகிற பொருளை ஒரு நாள் முழுக் கட்டியாக வாங்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் தொழில் இல்லை, என் மகள்.

என் நைனா (அப்பா) காசிமேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். இப்போது போட்டில் போவதில்லை, ஆனால் சாயங்காலம் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல் மேல் உட்கார்ந்து தங்கூசி நரம்பில் கலவா மீன் பிடிக்காமல் அவருக்கு நாள் முடியாது. வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு வீட்டு வாசலிலேயே காய்ச்சி ஊற்றுவார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்த இரும்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறோம், புகை வந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போவோம். யாரும் தப்பாக நினைத்ததில்லை, தெருவில் நாலு வீட்டில் அதுதான் நடந்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் என் ஏழு வயது மகள் ஒரு ஈயக்குண்டைப் புளிப்பு மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். ரிசல்ட் வரும் வரை நானும் என் மனைவியும் சரியாகத் தூங்கவில்லை. பயப்படும் அளவுக்கு இல்லை என்று சொன்னார், ஆனால் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது, குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தொடும் என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து ஈயத்துக்கு மாற்று என்ன என்று தேட ஆரம்பித்தேன், தேடிய இடத்தில் எல்லாம் பிஸ்மத் வந்து நின்றது.

இங்கிலாந்தில் 1987-லேயே தூண்டிலுக்குப் போடும் சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள், அன்னப்பறவைகள் அதை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்ததால். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது என்ற பிறகு பிஸ்மத்தில் வெள்ளீயம் கலந்த தோட்டாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். குடிதண்ணீர்க் குழாய்களுக்கான பித்தளையிலும் கடைசல் சுலபமாக வருவதற்காகச் சேர்த்த ஈயத்தை எடுத்துவிட்டு பிஸ்மத் சேர்க்கிறார்கள். மஞ்சள் பெயின்டில் ஈயக் குரோமேட் இருந்த இடத்தில் பிஸ்மத் வனடேட் வந்திருக்கிறது. தனிம அட்டவணையில் ஈயம் 82, அடுத்த கட்டம் 83 பிஸ்மத். பக்கத்து வீட்டுக்காரன் இவ்வளவு கொடியவனாக இருக்கும்போது இது இவ்வளவு சாதுவாக இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். முதல் தடவை நான் ஏமாந்தேன். வேறு ஒரு இடத்தில், பழைய உலோகம் எடுக்கும் கடையில், "பிஸ்மத் இருக்கு, பாதி ரேட்டு" என்று ஒரு துண்டு கொடுத்தார்கள், முக்கால் கிலோ. வீட்டுக்கு வந்து சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன், பள்ளம் விழுந்தது. அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். பிஸ்மத்தைத் தட்டினால் கற்கண்டு மாதிரி உடைந்து, உடைந்த முகம் மினுமினுக்கும். ஈயம்தான் அப்படி அமுங்கிக் கொடுக்கும். திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மறுத்துவிட்டார்கள். அதனால் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், கடையை விட்டு இறங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம், சமையலறைத் தராசும் அளவுக் கோடு போட்ட ஒரு டம்ளரும் போதும். ஒரு கிலோ பிஸ்மத்தை நூலில் கட்டித் தண்ணீரில் முக்கினால் சுமார் 102 மில்லி தண்ணீர் ஏறும், அதே ஒரு கிலோ ஈயம் என்றால் 88 மில்லிதான். பிஸ்மத்தின் அடர்த்தி 9.78, ஈயத்துக்கு 11.34. இன்னொரு சோதனை என் மகளுக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் ஒரு பலமான காந்தம் கிடைக்கும். பிஸ்மத் துண்டை நூலில் தொங்கவிட்டு, ஆட்டம் நின்ற பிறகு அந்தக் காந்தத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள், துண்டு காந்தத்தை விட்டு விலகிப் போகும். இரும்பு ஒட்டும், பித்தளை சும்மா இருக்கும், இது ஒதுங்கும். எல்லாப் பொருளுக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு, உலோகங்களில் இதற்குத்தான் மிக அதிகம்.

மண்ணடிக் கடைக்காரர் பெரியவர், நிதானமாகப் பேசுவார். நான் பிஸ்மத் என்றதும், "ஈயமா, வெள்ளீயமா, எதுக்குத் தம்பி?" என்றுதான் கேட்டார். அது நியாயமான கேள்வி. நம் ஊரில் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம், வலையில் கட்டுவது காரீயம். ஒன்று ரசத்துக்கு மணம், இன்னொன்று விஷம், பெயர் ஒன்றே. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. ஐரோப்பாவிலும் பல நூறு வருடம் பிஸ்மத்தை ஈயம் என்றும் வெள்ளீயம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், 1753-ல் குளோத் பிரான்சுவா ஜெஃப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர்தான் இது ஈயமே இல்லை, தனி உலோகம் என்று காட்டினார். விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் உள்ளே போய் மூன்று கட்டி எடுத்து வந்து, ஒன்றின் ஓரத்தைத் தானே தட்டி உடைத்துக் காட்டினார். கேட்காமலே காட்டினார், அதற்காகவே இந்தக் கடைக்கு என் ஓட்டு. யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். மெல்லிய குழாய் வளைக்கும் ஒர்க்‌ஷாப்காரர்கள் என்றார். சில உலோகக் கலவைகள் கொதிக்கும் தண்ணீரிலேயே உருகிவிடும், அதைக் குழாய்க்குள் ஊற்றி இறுகவைத்து வளைத்தால் குழாய் நசுங்காது, பிறகு வெந்நீரில் போட்டால் கலவை ஒழுகி வெளியே வந்துவிடும். அந்தக் கலவைகளில் பாதி பிஸ்மத்தான். உட்ஸ் மெட்டல் என்று ஒன்று 70 டிகிரியிலேயே உருகும், ஆனால் அதில் ஈயமும் காட்மியமும் இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தீ விபத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்ளர்களில் சிலவற்றில் உருகி விழும் பூட்டும் இந்தக் குடும்பம்தான்.

போன வருடத்து விலை இதைவிடக் குறைவு என்றும் பெரியவர் சொன்னார். உலகத்தில் சுத்திகரிக்கும் பிஸ்மத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது, 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் விலை பல மடங்கு ஏறியது. இதற்கென்று தனிச் சுரங்கம் பெரும்பாலும் கிடையாது, ஈயம் சுத்திகரிக்கும்போது உடன் கிடைப்பதுதான் அதிகம். ஈயத்துக்கு மாற்றாக வாங்குகிற பொருள் ஈயத்தின் கூடவே பிறக்கிறது என்பது தெரிந்தபோது மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இனி பயன்படுத்தியது. முதலில் குண்டு. நைனாவின் பழைய இரும்பு அச்சை நன்றாகச் சுரண்டிக் கழுவி, புது ஸ்டீல் சட்டியில் பிஸ்மத்தைக் காய்ச்சினோம். 271 டிகிரியில் உருகிவிடுகிறது, ஈயத்துக்கு 327, அதனால் சாதாரண கேஸ் அடுப்பே போதும். அடுப்பை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த்தான் செய்தோம், அந்தச் சட்டி இனி சமையலுக்கு வராது என்று பெயின்டால் குறி போட்டிருக்கிறோம், நான்ஸ்டிக் பக்கமே போகவில்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் அச்சைச் சூடு காட்டி உலர்த்திக்கொண்டோம். ஊற்றியது அழகாக ஊற்றிவிட்டோம், வெளியே எடுக்கத்தான் முடியவில்லை. ஈயம் ஆறினால் சுருங்கும், அச்சைத் திறந்து தட்டினால் குண்டு தானாக விழும். பிஸ்மத் நேர் எதிர், இறுகும்போது விரியும், ஐஸ் கட்டி ஆகும்போது தண்ணீர் விரிகிற மாதிரி, சுமார் 3.3 சதவீதம். அச்சுக்குள் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. நெம்பி எடுத்ததில் ஆறில் இரண்டு உடைந்தது. மிச்சத்தை எடுத்துக்கொண்டு நைனா கல்லுக்குப் போனார். வீசியதும் ஒன்று கல்லில் மோதி இரண்டாகப் போனது. "கண்ணாடி மாதிரி உடையுதுடா, இதைக் கட்டிட்டு எப்படிப் போறது?" என்று திரும்பி வந்து கேட்டார், கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அந்த உடைப்பைப் பார்த்ததும் எனக்கு என் பெஞ்ச் ஞாபகம் வந்தது. 138 பேஸ்ட்டிலும் இதே குறைதான். போன் கீழே விழுந்தால் முதலில் விரிசல் விடுவது பிஸ்மத் போட்ட ஜாயின்ட். அதனால்தான் சார்ஜிங் ஜாக் மாதிரி தினமும் இழுபடுகிற இடத்தில் அதைப் போடக்கூடாது. சில புதுப் பையன்கள் சீக்கிரம் உருகுகிறதே என்று எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிட்டு, அந்த போன் ஒரே மாதத்தில் திரும்பி வரும்போது முழிக்கிறார்கள். அதைவிட மோசம், 183 டிகிரியில் உருகும், ஈயம் கலந்த பழைய சால்டரை விக் (உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்துச் சுத்தமாக எடுக்காமல் அதன் மேலேயே 138-ஐப் போடுவது. ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும் ஒரு கலவை உருவாகும், அந்த ஜாயின்ட் எப்போது கழன்றுகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

அப்புறம் பேஸ்ட்டின் கணக்கையே குண்டுக்கும் போட்டோம், 58-க்கு 42 வெள்ளீயம் கலந்து. இது நன்றாக வந்தது. விரிவும் சுருக்கமும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுவதால் அச்சிலிருந்து சுலபமாக வந்தது, கல்லில் மோதினாலும் தாங்கியது. ஆனால் கனம் குறைகிறது, ஈயத்தில் இருந்த அதே எடைக்குக் குண்டு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிறது, நீரோட்டத்தில் இழுக்கிறது என்றார் நைனா. விலையைச் சொல்லவே வேண்டாம், வெள்ளீயமும் மலிவு இல்லை. ஐம்பது கிராம் குண்டு ஒன்று கிட்டத்தட்ட இருநூறு ரூபாய். ஈயத்தில் அது பத்து ரூபாய்க்கு முடிந்துவிடும். கல் இடுக்கில் தூண்டில் போட்டால் குண்டு மாட்டி அறுந்துபோவது தினசரி நடப்பது. மூன்றாவது நாள் ஒரு குண்டு போனபோது நைனாவுக்கு மனசு கேட்கவில்லை, வீட்டில் கிடந்த பழைய போல்ட்டுகளையும் நட்டுகளையும் எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். கலவா போல்ட்டுக்கும் வந்தது. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: தூண்டில் குண்டுக்காக யாரும் பிஸ்மத் வாங்க வேண்டாம், துருப்பிடித்த இரும்பே போதும், அது கடலில் போனாலும் பாதகமில்லை. ஒரு வலைக்கே கிலோ கணக்கில் ஈயம் கட்டுகிறார்கள், அதற்கு இருபது மடங்கு விலையில் பிஸ்மத் என்பது நடக்கிற காரியம் இல்லை. வலைக்கு என்ன வழி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரிந்த மீனவ நண்பர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் ஈயச் சட்டி நின்றுவிட்டது. இருந்த ஈயம் அத்தனையும் பழைய பேட்டரி எடுக்கும் இடத்துக்குப் போய்விட்டது.

குண்டுக்குத் தோற்ற கட்டி வேறு இடத்தில் ஜெயித்தது. அதுதான் படிகம். இதற்காக மட்டுமே வாங்கினாலும் 4,200 ரூபாய் தகும் என்று மனதாரச் சொல்வேன். சட்டியில் உருக்கி, மேலே படியும் சாம்பல் நிற ஆடையைக் கரண்டியால் ஒதுக்கி, அடுப்பை அணைத்துவிட்டு ஆடாமல் ஆறவிட வேண்டும். ஓரம் இறுகத் தொடங்கி நடுவில் இன்னும் திரவமாக இருக்கும்போது திரவத்தை இன்னொரு சட்டியில் ஊற்றிவிட்டால், ஓரத்தில் ஒட்டியிருப்பது படிக்கட்டு படிக்கட்டாக, கோயில் குளத்தின் படித்துறையைத் தலைகீழாகச் சின்னதாகச் செய்து வைத்த மாதிரி நிற்கும். மூன்று தடவை நேரம் தவறியது, ஒன்று முழுக்க இறுகிவிட்டது, இரண்டு சீக்கிரம் ஊற்றிவிட்டோம். பிஸ்மத்தில் அதனால் நஷ்டம் இல்லை, மறுபடி உருக்கிக்கொள்ளலாம். நாலாவது தடவை வந்தது. காற்று படப்பட அந்தச் சூடான படிகளின் மேல் முதலில் மஞ்சள், அப்புறம் ரோஜா, ஊதா, நீலம், பச்சை என்று நிறம் ஏறியதைப் பார்த்து என் மகள் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். சாயம் எதுவும் இல்லை, மேலே படிகிற ஆக்சைடு ஏடு எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற நிறம், மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் தெரியுமே அந்த வித்தைதான். எச்சரிக்கை ஒன்று: கண்ணாடிப் பாத்திரத்தில் இறுகவிடாதீர்கள், விரிந்து உடைத்துவிடும். குழந்தைகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும், இறுகும்போது உள்ளே இருக்கும் திரவம் சில நேரம் மேல் ஓட்டைப் பிளந்துகொண்டு முத்தாக வெளியே வரும்.

இந்த ஆறு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது, பொருள் விமர்சனத்தில் சேராது, ஆனாலும் எழுதுகிறேன். அம்மாவுக்கு வயிற்றுப் புண். ஹெலிகோபாக்டர் கிருமி என்று சொல்லி நாலு வகை மாத்திரை பதினாலு நாளைக்குக் கொடுத்தார்கள், அதில் ஒன்று பிஸ்மத். அந்தக் கிருமிதான் புண்ணுக்குக் காரணம் என்று காட்டிய பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் வாங்கினார்கள். நாலாவது நாள் அம்மா நாக்கு கறுத்துப்போய் அலறியடித்துக்கொண்டு போன் செய்தார். எச்சிலில் இருக்கும் கந்தகத்தோடு பிஸ்மத் சேர்ந்தால் கறுப்பு பிஸ்மத் சல்பைடு ஆகும், மலமும் கறுக்கும், மாத்திரை நின்றதும் போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும் என்பதால் நாமாக முடிவு செய்யாமல் சொல்லிவிடுவது நல்லது. சாது உலோகம் என்று நானே மேலே எழுதிவிட்டேன், அதனால் இதையும் சொல்ல வேண்டும்: 1970-களில் பிரான்சில் பிஸ்மத் மருந்தை மாதக்கணக்கில் தின்றவர்கள் பலருக்கு மூளை பாதித்தது, மருந்தை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறினார்கள். கட்டியைக் கையில் எடுக்கலாம், அதற்காக உரசிக் குடிக்கலாம் என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள்.

என் மனைவியின் நெயில் பாலிஷில் முத்து மினுமினுப்பு கொடுப்பது பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு, பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கேம் ஆடும் பையன்கள் போன் முதுகில் கிளிப் போட்டு மாட்டும் கூலரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளைச் சில்லு இருக்கும், அதற்குள் இருப்பது பிஸ்மத் டெல்லுரைடு, கரன்ட் கொடுத்தால் ஒரு முகம் ஜில்லென்று ஆகும், மறு முகம் சுடும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் இதைக் கண்டுபிடித்த பிறகு என் மகள் வீட்டில் எதைப் பார்த்தாலும் "இதுல பிஸ்மத் இருக்காப்பா?" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் சொன்னதில் அவள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். பிஸ்மத் அழியாதது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், 2003-ல் பிரான்சில் ஓர்சே என்ற ஊரில் அளந்து பார்த்ததில் அதுவும் கதிரியக்கம் உள்ளதுதான் என்று தெரிந்தது, ஆனால் அதில் பாதி கரைய ஆகும் காலம் இந்தப் பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல். அப்படியென்றால் என் கல்லு அப்படியே இருக்கும்தானே என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்கிறாள்.

கட்டியில் இப்போது 640 கிராம் மிச்சம். நல்ல படிகம் ஒன்று கடை மேஜையில் இருக்கிறது, விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. உடைந்து சேர்ந்த துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், காலாண்டு லீவில் மறுபடி மாடிக்கு அடுப்பை ஏற்றுகிறோம், இந்தத் தடவை நைனாவும் வருகிறேன் என்றிருக்கிறார். மண்ணடிக் கடைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் அந்தத் தெருவில் லோடு இறக்குவார்கள், பைக் நுழையாது. அரைக் கிலோவாகவும் வெட்டித் தருகிறார், ஓரத்தை உடைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.